பணிக்கொடை (கிராஜுவிட்டி): சொல் விளக்கம்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வேலையை விட்டு நிற்கும் ஒருவரிடம் "கிராஜுவிட்டி எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கடிதத்தில் எழுதும்போது அதன் பெயர் பணிக்கொடை. ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஓரிடத்தில் வேலை செய்தவர், வேலை முடியும்போது தொழில்தருநரிடம் ஒரே தடவையாகப் பெறவேண்டிய தொகை அது. இலங்கையில் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. தானாக விலகினாலும், நிறுத்தப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும், வேலையில் இருக்கும்போதே இறந்தாலும் அது உரியது. இறந்தவரின் தொகை அவரது வாரிசுகளுக்குச் சேரும்.

சொல்லின் வேர் லத்தீன். 'கிராத்துஸ்' என்றால் மனத்துக்கு உவந்தது, நன்றிக்குரியது. அதிலிருந்து வந்த 'கிராத்துயித்துஸ்' விலை வாங்காமல், விரும்பிக் கொடுத்ததைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், ஹோட்டலில் வைக்கும் டிப்ஸுக்கும் இன்றுவரை பயன்படுகிறது. சிங்களத்தில் இதைப் 'பாரிதோஷிக' என்பார்கள். பரிதோஷம் என்பது மனநிறைவு. நிறைந்த மனதோடு தரும் பரிசு பாரிதோஷிகம். நமது பணிக்கொடையும் பணி, கொடை என்று பிரிந்து, செய்த வேலைக்காகத் தரும் கொடை என்றே பொருள் தருகிறது. ஆக மூன்று மொழியிலும் இது கொடுப்பவரின் மனதைப் பொறுத்த காரியம் போலவே ஒலிக்கிறது.

ஒரு காலத்தில் நடந்ததும் அப்படித்தான். முதலாளிக்கு மனம் இருந்தால் கொடுத்தார். 1957 இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தைத் திருத்தித் ஊழியரின் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைகளை உருவாக்கிய பிறகு, பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்க வழி பிறந்தது. 1983 இல் அது சட்டக் கடமையானது. சொல் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. "மொதலாளி பாத்துத் தருவார்" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் பார்த்துத் தரவேண்டிய விடயமல்ல இது; வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கட்டவேண்டிய கடன்.

கணக்கு இலகுவானது. மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். கல்முனையில் ஒரு புடவைக் கடையில் 12 வருடமும் 7 மாதமும் நின்றவரின் கடைசிச் சம்பளம் 48,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அரைமாதம் 24,000, பன்னிரண்டால் பெருக்கினால் 2,88,000 ரூபா. அந்த 7 மாதம் கணக்கில் வராது. நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் நாளுக்கு 2,000 ரூபாவுக்கு 9 வருடம் வேலை செய்தவருக்கு 2,52,000 ரூபா சேரவேண்டும். "நாட்கூலிக்கு கிராஜுவிட்டி இல்ல" என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பிழை பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கிறது. முதலாவது, எல்லா வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில் கணக்கிடுவதை விட்டுவிட்டு, அந்தந்த வருடத்துச் சம்பளத்தில் பாதி பாதியாகக் கூட்டிக் கொடுப்பது. 12 வருடத்துக்கு முன் 15,000 ரூபா வாங்கியவருக்கு இதனால் எவ்வளவு போகும் என்று போட்டுப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுப்பது. வாழ்க்கைச் செலவுப் படியும் அதுபோன்ற படிகளும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இணையத்தில் தமிழில் தேடினால் 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கும் கணக்குத்தான் முதலில் வரும். அது 1972 இல் வந்த இந்தியச் சட்டத்தின் கணக்கு, இங்கே செல்லாது.

எந்த இடத்துக்குச் சட்டம் பொருந்தும் என்பதில்தான் நம் பகுதி ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 15 பேருக்குக் குறையாமல் வேலையில் இருந்திருந்தால் போதும். நிரந்தரமாக 15 பேர் என்றோ, வருடம் முழுக்க 15 பேர் என்றோ சட்டம் கேட்கவில்லை. அம்பாறைப் பக்க ஆலைகளில் சாதாரண நாளில் எட்டுப் பேர் நிற்பார்கள். பெரும்போக அறுவடை வந்து நெல் குவியும்போது இருபது பேர் மூட்டை தூக்குவார்கள். அந்த நாளின் வரவுப் பதிவையோ சம்பளப் புத்தகப் பக்கத்தையோ எடுத்த ஒரு படம் கையில் இருந்தால் வழக்கின் போக்கே மாறும். வீட்டு வேலைக்காரர்களுக்கும் வீட்டின் சொந்தச் சாரதிக்கும் இச்சட்டம் பொருந்தாது.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. ஊழியர் சேமலாப நிதி என்பது ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் மாதாமாதம் கட்டுவது. அதைக் கட்டியதால் பணிக்கொடை தீர்ந்துவிடாது. ஓய்வூதியம் மாதந்தோறும் வருவது. நட்டஈடு, முறையின்றி வேலைநீக்கம் செய்ததற்குக் கிடைப்பது. மிகக் கவனம் வேண்டிய சொல் கருணைத்தொகை. அதுதான் உண்மையில் விரும்பினால் கொடுப்பது. "கருணைத்தொகையாக 50,000 ரூபா பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தட்டச்சிட்ட தாளை நீட்டினால் உடனே கையெழுத்திடக் கூடாது. முத்திரை மேல் ஒப்பம் விழுந்த பிறகு, அந்தப் பணம் எதற்கானது என்று நிறுவ ஊழியர்தான் அலைய வேண்டிவரும். வவுச்சரில் 'பணிக்கொடை' என்ற சொல்லும், எத்தனை வருடம், எந்தச் சம்பள வீதம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எனவே எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்? பேச்சில் 'சேவைக்காலப் பணம்' என்பதே எங்களுக்குப் பிடித்தது. சேவைக் காலத்துக்கு ஏற்ப வருகிற பணம் என்பதை அது நேராகச் சொல்கிறது. யாருடைய தயவையும் இழுக்கவில்லை. 'நன்றித்தொகை' என்ற மொழிபெயர்ப்பு லத்தீனுக்கு நெருக்கமானாலும் வேண்டாம், பழைய குழப்பத்தையே வளர்க்கும். முறைப்பாட்டில் 'பணிக்கொடை' என்றே எழுதுங்கள். அலுவலகத்தில் நிலைத்துவிட்ட பெயர் அதுதான்.

30 நாள் கடந்தால் முதலில் தொழில்தருநருக்குப் பதிவுத் தபாலில் கேட்டு எழுதி, பிரதியை வைத்துக்கொண்டு, மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதிக் கூற்று, விலகல் கடிதப் பிரதி ஆகியவை வேண்டும். நியமனக் கடிதம் இல்லாதவருக்குச் சேமலாப நிதிக் கூற்றே சேவைக் காலத்தைக் காட்டும் நல்ல சாட்சி. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் உண்டு: ஒரு மாதம் வரை 10 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 30 சதவீதம். மேலே சொன்ன கடை ஊழியருக்கு எட்டு மாதம் பிந்தினால் 25 சதவீதம், அதாவது 72,000 ரூபா கூடுதலாகச் சேரும். அப்போதும் கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் நீதிமன்றத்தின் மூலம் அறவிட முடியும். மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தல் போன்றவற்றால் வேலை போனவரிடம், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம். முழுவதையும் மறுக்க முடியாது.

15 பேர் ஒரு நாளும் இல்லாத சிறு கடை, சிறு ஆலை ஊழியர் கைவிரிக்க வேண்டியதில்லை. அவர் போகவேண்டிய இடம் தொழில் நியாயசபை. அங்கே தொகையை நியாயம் பார்த்துத் தீர்மானிப்பார்கள். ஆனால் வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.