ராமேஸ்வரம் கடலில் இறங்கப் போகிறீர்களா? சன்ஸ்கிரீன் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று நம் டெல்டா கடற்கரையில் எங்கே இறங்கினாலும் பவளப்பாறை காலில் படாது. ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில் இங்கே கடல் கலங்கலாகவே இருக்கும். பவளத்துக்குத் தெளிந்த நீரும் அடிவரை வெளிச்சமும் வேண்டும். ஆனால் ஆடி, தை அமாவாசைக்கும் பள்ளி விடுமுறைக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடியிலிருந்து கிளம்பும் வண்டிகள் போய் நிற்கிற ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் நிலைமை வேறு. பாக் விரிகுடாவிலும், மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றியும் உயிருள்ள பவளம் இருக்கிறது. ஆழம் குறைந்த இடங்கள் அவை. மேலே பூசிய சன்ஸ்கிரீன் அங்கே கரைந்தால் நேராகப் பவளத்தின் மேல்தான் போய்ச் சேரும்.

பவளம் வெளுத்துச் சாவதற்கு முதல் காரணம் கடல் சூடாவதுதான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளம் பெருமளவில் வெளுத்ததற்கு வெப்பமே காரணம். சன்ஸ்கிரீன் செய்வது, ஏற்கெனவே நொந்து கிடப்பதை மேலும் அடிப்பது. 2022-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆக்ஸிபென்சோன் என்பது வெயிலைத் தடுக்க சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஒரு ரசாயனம். பவளத்தின் உறவான கடல் அனிமோனின் உடலுக்குள் அது போனதும், அதோடு சர்க்கரை மூலக்கூறு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அப்படி மாறிய பொருள், வெயில் பட்டதும் திசுவைச் சிதைக்கும் நஞ்சாகிறது. உடலுக்குள் வாழும் பாசி அந்த நஞ்சில் ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளுத்துப் போனதில் பாசி இல்லை. அதனால் அது சீக்கிரம் சாகிறது.

சரி, கடையில் எதைப் பார்ப்பது? டியூபின் முன்பக்கம் 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பொதுவான தர விதி எதுவும் கிடையாது. பின்பக்கப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆக்ஸிபென்சோன் பெரும்பாலும் அந்தப் பெயரில் இருக்காது. 'பென்சோபீனோன்-3' என்று இருக்கும். அதே வேலை செய்யும் இன்னொரு ரசாயனமான ஆக்டினாக்ஸேட் 'எத்தில்ஹெக்ஸில் மெதாக்ஸிசின்னமேட்' என்றோ 'ஆக்டைல் மெதாக்ஸிசின்னமேட்' என்றோ வரும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. பலாவ் நாடு 2020-லேயே இவற்றோடு ஆக்டோக்ரிலீன் என்ற மற்றொரு ரசாயனத்தையும் சேர்த்துத் தடுத்தது. நம் ஊர்க் கடைகளில் எஸ்பிஎஃப் 50 என்று கிடைக்கும் பல டியூப்களில் இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

இவை இல்லாமல் ஜிங்க் ஆக்சைடு மட்டுமோ, டைட்டானியம் டை ஆக்சைடும் சேர்ந்தோ இருப்பதை எடுங்கள். 'நான்-நானோ' என்று போட்டிருந்தால் நல்லது. மிகப் பொடியான துகள் கடல் உயிர்களின் உடலுக்குள் எளிதில் போகும். ஜிங்க் ஆக்சைடும் அளவு மீறினால் பவளத்துக்குக் கெடுதல்தான். ஸ்ப்ரே வேண்டாம். கடற்காற்றில் பாதி மணலில் விழும், அலை அதை இழுத்துக்கொண்டு போகும். ஜிங்க் நம் நிறத்தில் சாம்பல் பூசியதுபோலத் தெரிகிறது என்பவர்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு அதுதான் கூடுதல் பலனும் தரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது தடுக்கிறது.

ஆனால் எங்கள் அறிவுரையில் கிரீமுக்கு இரண்டாம் இடம்தான், துணிக்கே முதல் இடம். நடவு வயலில் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டுகிறார்களே, அதைவிடச் சிறந்த வெயில் காப்பு கிடையாது. கடலில் கரைய அதில் எதுவும் இல்லை. தண்ணீருக்குள் மட்டும் துணியை மாற்ற வேண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் வெயிலை உள்ளே விட்டுவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: மறுபக்கம் விரல் தெரிந்தால் அந்தத் துணி உதவாது. அடர்நிற, நெருக்கி நெய்த பாலியஸ்டர் முழுக்கை பனியன் போதும்.

அமாவாசைக் குளியலை விடியற்காலையிலேயே முடித்துவிட்டால் கிரீமே தேவையில்லை. காலை 10 முதல் பிற்பகல் 4 வரைதான் வெயிலின் கடுமை.

துணி மூடாத முகம், காது, பிடரி, புறங்கை, பாதத்துக்கு மட்டும் கிரீம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழுத்தால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான். பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை, அதனால்தான் 50 பூசியும் கறுக்கிறது. உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்கு 30 மில்லி வேண்டும். 50 கிராம் டியூபை நான்கு பேர் இரண்டு நாள் வைத்துக்கொள்வது கணக்கில் வராது. துணிக்கு முதலிடம் தர இதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி நடக்கும் தவறு, படகில் ஏறிய பிறகு அவசரமாகப் பூசி உடனே குதிப்பது. இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பே பூசிக் காயவிடுங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் 40 அல்லது 80 நிமிடம் என்றுதான் பொருள். கரையேறியதும் உடம்பை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வெயிலைத் தடுக்காது.

எலிக்காய்ச்சலுக்காக டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவர்கள், லூபஸ் என்ற நோய் எதிர்ப்புக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரின் தோலை வெயில் எளிதில் பாதிக்கும்; அவர்கள் பவளத்தை நினைத்துக் கிரீமை விட்டுவிடக் கூடாது. ஜிங்க் வகைக்கு மாறினால் போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கிரீம் எதுவும் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

வீட்டில் ஏற்கெனவே வாங்கிய பழைய வகை டியூப் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடைவீதிக்கும் பைக் பயணத்துக்கும் பூசித் தீர்த்துவிடுங்கள். கடலுக்குப் போகும் பையில் மட்டும் அது வேண்டாம்.