காசும் கேஷும் உறவா?

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு'விலிருந்து பிறந்தது என்ற கூற்று தமிழில் அடிக்கடி காதில் விழுகிறது. அது பாதி சரி. பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினால், ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' தனித்தனிப் பதிவுகளாக இருப்பதைக் காணலாம். ஒன்று ரொக்கப் பணத்தைக் குறிப்பது. மற்றொன்று இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு செப்பு நாணயத்தைக் குறிப்பது. இரண்டாவதுதான் நம் காசு. கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கும்போது வாயில் வருவது முதலாவது.

அந்த முதல் சொல்லின் மூலம் ஒரு பெட்டி. இலத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா' என்றும் பிரெஞ்சில் 'கெஸ்' என்றும் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது பணப்பெட்டியையும் அதிலிருக்கும் பணத்தையும் சேர்த்தே குறித்தது. பின்னர் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து பணம் மட்டும் நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் கடையில் பணம் செலுத்தும் இடத்தை இன்றும் 'கெஸ்' என்றே சொல்கிறார்கள். 'கேஷியர்' என்பதற்கு நாம் வைத்துக்கொண்ட 'காசாளர்' பொருளாலும் ஒலியாலும் கச்சிதமாகப் பொருந்துவது தற்செயலான நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்க் காசின் வரலாறு இதைவிடப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். வாசி என்பது தரம் குறைந்த நாணயத்தை மாற்றும்போது கழித்துக்கொள்ளப்படும் தொகை. 1498இல் இந்தியக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர், பின்னர் இச்சொல்லைக் கேட்டு எழுதிய வடிவம் 'கைஷா'. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர். அதுவும் இலத்தீனின் காப்ஸாவிலிருந்து வந்ததே. அறியாத சொல்லைக் கேட்பவர் தமக்குத் தெரிந்த சொல்லின் அச்சில் அதை வார்த்துவிடுவது எல்லா மொழிகளிலும் நடப்பதுதான். இவ்வாறு, தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் போர்ச்சுகீசியர் நாவில் ஒரே உருவம் பெற்று, ஆங்கிலத்திலும் ஒரே உருவில் நிலைத்துவிட்டன.

சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பதே கணக்கு. அந்த மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1808இல் அச்சிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் இருபது காசு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரே பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றும் பாரசீக எழுத்தில் 'காஸ்' என்றும் பொறித்திருக்கும். இந்த நாணயங்களைப் பெருமளவில் ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கிவிட்டதால், கடலடியிலிருந்து மீட்கப்பட்டவை இன்றும் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன.

அப்படியானால் இரண்டு சொற்கள் உறவுடையவையா என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஒலி ஒத்திருப்பது போதாது; ஒலி மாறியிருக்கும் முறை ஒழுங்காக இருக்க வேண்டும். தமிழின் பால், பல், புலி, பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என்று நிற்கின்றன. ஒரு சொல்லில் மட்டும் ப, ஹ ஆகியிருந்தால் அதைத் தற்செயல் எனலாம். வரிசையாக இத்தனை சொற்களில் நிகழ்ந்திருப்பதால் அது விதி. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இச்சொற்கள் பகரத்துடனேயே காணப்படுவது அதற்கு நேரடிச் சான்று.

ஆங்கிலமும் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலும் இத்தகைய விதி ஒன்று உண்டு. 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் அதை முறைப்படுத்தி எழுதினார். இலத்தீனில் ககரத்தில் தொடங்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஹகரத்தில் தொடங்கும் இணை கிடைக்கும்: கொம்புக்கு இலத்தீனில் 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்', நூறுக்கு 'கென்டும்', 'ஹண்ட்ரட்'. இந்த விதிப்படி, 'உடைமையாகக் கொண்டிரு' எனப் பொருள்படும் ஆங்கில 'ஹேவ்', அதே பொருளும் ஏறத்தாழ அதே ஒலியும் கொண்ட இலத்தீன் 'ஹபேரே'வுக்கு உறவில்லை. 'பிடி, கைக்கொள்' எனப் பொருள்படும் 'காபேரே'தான் அதன் உறவு. பெட்டியாகிய காப்ஸாவும் அந்தக் காபேரேயிலிருந்து வந்ததே. ஆகவே, கேஷுக்கு உண்மையான தூரத்து உறவு காசு அன்று, ஹேவ். இதைக் காதால் மட்டும் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பாபரம் மொழியில் நாய்க்கு 'டாக்' என்று பெயர். மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் அதைப் பதிவு செய்தபோது ஆங்கிலக் கடனோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அண்டை மொழியான யிடினியில் நாய் 'குடாகா'. அதன் முதல் அசையும் கடைசி உயிரும் உதிர்ந்து, நடு உயிர் திரிந்தால் கிடைப்பது 'டாக்'. அம்மொழியின் பிற சொற்களிலும் இதே வகை மாற்றங்கள் காணப்படுவதால், ஆங்கிலத்துக்கு அதில் பங்கில்லை என்பது உறுதியாகிறது.

இதற்கு மறுதலையாக, வேர் ஒன்றாக இருந்து பொருள் சிதறுவதற்குப் 'பள்ளி' நல்ல சான்று. தமிழில் அது குடியிருப்பு, துறவியர் உறைவிடம், துயிலிடம் எனப் பல பொருள் பெற்று, இன்று முதன்மையாகக் கல்விக்கூடத்தைக் குறிக்கிறது. மலையாளத்தில் கிறித்தவ ஆலயமும் மசூதியும் பள்ளி. தெலுங்கில் 'பல்லெ' என்றால் சிற்றூர். கன்னடத்தில், மேலே சொன்ன விதி பிசகாமல், அது 'ஹள்ளி' ஆகிச் சிற்றூரைக் குறிக்கிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து ரயிலேறிப் பெங்களூரு சென்று மாரத்தஹள்ளியில் வேலை பார்ப்பவர், இரண்டு ஊர்ப் பெயர்களின் ஈற்றிலும் ஒரே சொல்லைத்தான் உச்சரிக்கிறார்.