ரெப்போவை அழித்துவிட்டு மறுபடி குளோன் போடாதீர்கள்

மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் ஃபைபர் லைனில் மளமளவென்று இறங்கும் கிட் ரெப்போ (ஒரு புராஜெக்டின் கோடும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த கிடங்கு), உசிலம்பட்டி வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் 80 சதவீதம் வந்து நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர, ரெப்போவை முழுதாக நகலெடுக்கும் கிட் குளோனுக்குத் தெரியாது. 'எர்லி ஈஓஎஃப்' (முடியும் முன்பே அறுந்தது) என்று வந்துவிட்டால் இறங்கியது அத்தனையும் வீண், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 900 எம்பி ரெப்போவில் இப்படி இரண்டு முறை ஆனால், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அன்றைய டேட்டா முடிந்த மாதிரிதான்.

உடனே எங்கேயோ தேடிப்பிடித்து 'போஸ்ட் பஃபர்' அளவை 500 எம்பிக்கு ஏற்றிவிடுவார்கள். அது நாம் சர்வருக்கு அனுப்பும்போது பயன்படும் பஃபர். குளோன் அறுந்து போவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குளோனோடு ஒப்பிட்டால் ஃபெட்ச் ரொம்பச் சிக்கனம். 'என்னிடம் இந்தக் கமிட் வரை இருக்கிறது' என்று நம் மெஷின் சொல்லும்; கமிட் என்றால் பதிவு செய்துவைத்த ஒரு மாற்றம். அதற்குப் பின் வந்ததை மட்டும் சர்வர் பேக் கட்டி அனுப்பும். பழைய ஃபைலில் நாலு வரி மாறியிருந்தால் பெரும்பாலும் அந்த வித்தியாசம் மட்டும் டெல்டாவாக வரும். ஆகவே மெர்ஜ் (மாற்றங்களை ஒன்றோடொன்று இணைப்பது) சிக்கலாகிவிட்டது என்று ஃபோல்டரையே தூக்கிவிடாதீர்கள். முதலில் மெர்ஜ் அபார்ட் கொடுத்து அதைக் கைவிடுங்கள். மெர்ஜ் சிக்கி நிற்கும்போது ஸ்டாஷ் (வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது) எடுக்காது. கமிட் செய்யாத வேலையை ஸ்டாஷில் போடுங்கள், சர்வருக்கு அனுப்பாத, அதாவது புஷ் செய்யாத கமிட்களுக்குத் தனி பிராஞ்ச் (கிளை) வையுங்கள். பிறகு ஃபெட்ச், அதன்மேல் ஆரிஜின் மெயினுக்கு, அதாவது சர்வரில் உள்ள மெயின் பிராஞ்சின் நிலைக்கு, ஹார்ட் ரீசெட். இந்த வரிசை முக்கியம், ஹார்ட் ரீசெட் யாரையும் கேட்காமல் அழித்துவிடும்.

முதல் தடவை இறக்குவதைத் தவணை முறையில் செய்யலாம். டெப்த் 1 என்று குளோன் போட்டால் கடைசிக் கமிட் மட்டும் வரும். அடுத்து ஃபெட்சில் டீப்பன் 200 (இன்னும் 200 கமிட் பின்னோக்கி), இன்னொரு 200, கடைசியில் மிச்சம் முழுவதையும் இழுக்கும் அன்ஷாலோ. நடுவில் கரண்ட் போனால் அந்தத் தவணை மட்டும்தான் போகும். டெப்த் கொடுத்தால் ஒரே ஒரு பிராஞ்ச்தான் வரும் என்பதை மறந்துவிட்டு, 'டெவலப் பிராஞ்சைக் காணோம்' என்று டீம் லீடிடம் போய் நிற்பவர்கள் உண்டு. 'நோ சிங்கிள் பிராஞ்ச்' சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கமிட்கள் வேண்டும், பழைய ஃபைல்கள் இப்போதைக்கு வேண்டாம் என்றால் 'பிளாப் நன்' ஃபில்டர். ஃபைலின் உள்ளடக்கம் தேவைப்படும்போது தனியாக வரும். எந்த வரியை யார் மாற்றியது என்று காட்டும் பிளேம் போட்டால் அப்போதுதான் ஒவ்வொன்றாக இழுக்கும், சிக்னல் இல்லாத இடத்தில் தொங்கிவிடும். ஆபீஸ் சர்வரில் ஃபில்டருக்கு அனுமதி கொடுக்கவில்லை என்றால், ஒரு வரி எச்சரிக்கையோடு முழு ரெப்போவும் இறங்கத் தொடங்கும். அந்த வரியைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள்.

ரெப்போ ஏன் இவ்வளவு பெரிது? ஆபீஸ் மெஷினில் கவுண்ட் ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையை மைனஸ் வி சேர்த்துப் போட்டு 'சைஸ் பேக்' எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ கமிட் செய்த ஏபிகே, ஜிப் ஃபைல்கள்தான் காரணம். ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் டெல்டா அவற்றில் சரியாக எடுபடாது. 20 எம்பி ஏபிகேயைப் பத்து முறை மாற்றிக் கமிட் செய்தால் கிட்டத்தட்ட 200 எம்பி. இன்று டெலிட் செய்தாலும் ஹிஸ்டரியில் அப்படியே கிடக்கும்.

எதுவும் சரிவரவில்லையா, ரெப்போவை ஒரே ஃபைலாகக் கட்டித் தரும் பண்டில் இருக்கிறது. ஆபீஸில் மெயினையும், இப்போது எந்த பிராஞ்சில் இருக்கிறோம் என்று காட்டும் ஹெட்டையும் சேர்த்து பண்டில் எடுத்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள். முழு சோர்ஸ் கோடும் உள்ளே இருப்பதால், ஆபீஸ் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. ஹெட்டை விட்டுவிட்டால் குளோன் முடிந்தும் ஃபோல்டர் காலியாகத் தெரியும். வீட்டில் பண்டிலிலிருந்து குளோன் போட்டு, ஆரிஜின் முகவரியை சர்வருக்கு மாற்றி ஃபெட்ச் கொடுத்தால் மிச்சம் மட்டும் வரும். எல்எஃப்எஸ் ஃபைல்கள் (ரெப்போவுக்கு வெளியே தனியாக வைக்கப்படும் பெரிய ஃபைல்கள்) பண்டிலில் வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். பண்டில் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 பென்டிரைவ் ஏற்காது, கிளம்பும் முன்பே எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.