தானாக அணையும் கணினி: முதலில் வினாடிகளை எண்ணுங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும், மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் இருக்கும் டிடிபி கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஒரு புகாரை அடிக்கடி கேட்கலாம்: "பட்டனை அமுக்குனா ஆன் ஆகுது, கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிருது." கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும் அந்த நேரத்தில், பலரும் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை, மாற்றிப் பார்க்கிறார்கள். சில வேளை அது பலிக்கிறது. பல வேளை பணம் செலவான பிறகும் பழுது அப்படியே இருக்கிறது. அடியோடு பழுதான கணினி ஆன் ஆகவே ஆகாது. ஆன் ஆகிப் பிறகு அணையும் கணினியில், பெரும்பாலும் ஏதோ ஒரு பாதுகாப்பு ஏற்பாடு "இதற்கு மேல் ஓடக் கூடாது" என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டிருக்கிறது. அந்த ஏற்பாடுகள் பல. ஒவ்வொன்றும் செயல்பட எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்கும் முன், கணினி எவ்வளவு நேரம் ஓடி அணைகிறது என்று எண்ணிப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

சுவர் சுவிட்சைப் போட்டவுடனேயே, கணினி அணைந்திருக்கும் நிலையிலும், எஸ்எம்பிஎஸ் ஊதா நிறக் கம்பி வழியாக மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகைக்கு) 5 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். முன்பக்கப் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரையிணைப்போடு சேர்க்கிறது. அந்தச் சைகையைக் கண்டுதான் எஸ்எம்பிஎஸ் விழித்து 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருகிறது. அவை நிலைப்பட்டதும், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள், சாம்பல் நிறக் கம்பியில் "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்ற சைகை வருகிறது. அதற்குப் பிறகே பிராசசர் தன் வேலையைத் தொடங்கும். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற கணினி வடிவமைப்புத் தரத்தின் இந்த அடிப்படை பெரும்பாலான மேசைக் கணினிகளில் இன்றும் இருக்கிறது. (புதிய எஸ்எம்பிஎஸ்கள் சிலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருப்பதால், அங்கே நிறத்தை நம்பக் கூடாது.)

ஃபேன் ஒரு சுற்றுகூட முழுமையாகச் சுற்றாமல் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் தன்னையே பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் இத்தகைய கணினிகளில் பல, பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்துச் செருகினால் மட்டுமே மறுபடி ஓர் இமைப்பொழுது உயிர் பெறுகின்றன. முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் வளைந்த ஒரு தகடு, மதர்போர்டுக்குப் பின்னால் உருண்டு கிடக்கும் ஒரு திருகு, நம் ஊர் வீடுகளில் வெதுவெதுப்பைத் தேடிப் பெட்டிக்குள் நுழைந்து செத்துப்போன ஒரு பல்லி என்று காரணம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம். மதர்போர்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றுவதும் பொருத்துவதும் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் துல்லியமாக நான்கு வினாடியில் அணைகிறதா? இதைக் கவனிக்கத் தவறுகிறவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கணினி உறைந்துபோனால் பட்டனை நான்கு வினாடி விடாமல் அழுத்தி அணைப்பது எல்லோரும் அறிந்த வழி. அந்த விதியை நிறைவேற்றுவது மதர்போர்டு. தூசியும் வியர்வையும் ஏறிய பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு மீளாவிட்டால், யாரோ அதை அழுத்திக்கொண்டே இருப்பதாக மதர்போர்டு எடுத்துக்கொண்டு, நான்காம் வினாடியில் கடமை தவறாமல் அணைத்துவிடும். பட்டனிலிருந்து வரும் இரட்டைக் கம்பியின் சிறு கனெக்டரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, மதர்போர்டில் அது செருகியிருந்த இரண்டு முனைகளையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் மட்டும் தொட்டு ஆன் செய்து பாருங்கள். கணினி நிலைத்து ஓடினால், பழுது சில ரூபாய் பெறுமான அந்தப் பட்டனில்தான்.

சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் அணைவது வெப்பத்தின் அடையாளம். பிராசசர் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி வெப்பம் ஏறினால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிடும். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று விடுபட்டிருந்தாலே இது நேரலாம். கோடையில் இந்தப் பழுது பெருகுவதற்கும் எளிய கணக்கு உண்டு. ஒரே வேலையைச் செய்யும்போது பிராசசரின் வெப்பம் அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடுதலாக இருக்கும். அந்த அளவு 55 டிகிரி என்றால், அறை 28 டிகிரியில் இருக்கும் மார்கழியில் பிராசசர் 83இல் ஓடும். அறை 40ஐத் தொடும் மே மாதத்தில் அதே பிராசசர் 95இல் தவிக்கும். கல்குவாரிகளை ஒட்டிய ஊர்களில் ஹீட் சிங்கின் இடுக்குகளில் கல்தூசி படிந்துவிட்டால், அந்த 55ம் மேலே போகும். பிளோயரால் தூசியை ஊதிவிட்டு, பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும், காய்ந்து பொடியாகிப்போன பழைய பேஸ்ட்டைத் துடைத்தெடுத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்துப் பொருத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நேரக்கணக்கு எதற்கும் அடங்காமல், போட்டோஷாப்பில் பெரிய படத்தைத் திறக்கும்போதோ விளையாட்டுத் தொடங்கும்போதோ மட்டும் அணைந்தால், அப்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிப்பது நியாயம். நம் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது முதலில் ஏறக்குறைய 325 வோல்ட் உச்சமுள்ள நேர்மின்சாரமாக்குகிறது. ஆனால் அது வினாடிக்கு 100 துடிப்புகளாகத்தான் வந்து சேருகிறது. பெய்யும்போது நிறைந்து, பெய்யாத நாளில் மடை வழியே வயலுக்கு நீர் விடும் கண்மாயைப் போல, உள்ளிருக்கும், மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் பெரிய கெபாசிட்டர் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான பஞ்சத்தைச் சமாளிக்கிறது. கண்மாயில் வண்டல் சேர்வதுபோலக் கெபாசிட்டரிலும் வயதாக ஆகக் கொள்ளளவு குறைகிறது, உள்ளிருக்கும் மின்பகு திரவம் வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. குறைந்த வேலைக்கு ஈடுகொடுக்கும் அத்தகைய எஸ்எம்பிஎஸ், திடீரென மின்தேவை எகிறும்போது 12 வோல்ட்டைப் பிடித்து நிறுத்த முடியாமல் கைவிட்டுவிடும். காலையில் மூன்று நான்கு முறை பட்டனை அழுத்தினால்தான் அணையாமல் நிலைக்கிறது, சூடேறிய பிறகு நாள் முழுவதும் நன்றாக ஓடுகிறது என்றால், அதுவும் மூப்படைந்த கெபாசிட்டரின் குணமே. மதர்போர்டில் இருக்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கக்கூடும்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றுவதைக் காட்டி "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவது ரிப்பேர் கடைகளில் வழக்கம். அது விழித்துக்கொள்கிறது என்பதற்கு மட்டுமே அந்தச் சோதனை சான்று; சுமையைத் தாங்கும் என்பதற்கு ஆகாது. கணினி முழுவேலையில் ஓடும்போது மல்டிமீட்டரால் மஞ்சள் கம்பியை அளந்து, 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்ப்பதே மெய்யான சோதனை.

பம்பு செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமப்புறங்களில் லைன் வோல்ட்டேஜ் தாழ்வதும், பேட்டரி செத்த யுபிஎஸ் ஒரு நொடி மின்வெட்டைக்கூடத் தாங்காமல் விழுவதும் தனி. அப்போது மானிட்டரும் கூடவே அணையும், அல்லது அறையின் விளக்கு மங்கும். யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பார்த்தால் ஐயம் தீரும்.

நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் பொருத்திய பிறகும், அதே வேலையில் அதே நேரத்தில் அணைகிறதென்றால், பழுது பெரும்பாலும் மதர்போர்டில் பிராசசருக்கு மின்சாரம் பகிரும் பகுதியில்தான் இருக்கும். அதைச் சரிசெய்யச் சிப் அளவில் வேலை தெரிந்தவர் வேண்டும். பழைய போர்டு என்றால், கூலியைக் கேட்டுக்கொண்டு, அதே விலைக்கு வேறொரு போர்டு கிடைக்குமா என்றும் விசாரித்த பிறகே ஒப்படைப்பது நல்லது.