ஜல்லிக்கு மேல் தங்கும் தண்ணீர்

2004 ஜூன். நியூயார்க் மாநிலத்தின் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். ஏழாவது குழியைச் சுற்றியிருந்த புல்தரை காய்ந்து இறுகியதில், விழுந்த பந்து நிற்காமல் உருண்டோடியது. ஆட்டம் நடக்கும்போதே, ஒரு குழு முடித்து அடுத்த குழு வருவதற்குள் ஊழியர்கள் தண்ணீர் பீய்ச்ச வேண்டியதாயிற்று.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய இந்தப் பகுதிக்கு க்ரீன் என்று பெயர். அங்கே ஈரம் கூடினால் தரை கொழகொழத்துப் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் புல் கருகும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வகுத்த கட்டுமான முறையில், சுமார் 10 செ.மீ. ஜல்லி பரப்பி, அதன்மேல் 30 செ.மீ. மணல் கலவை போடுகிறார்கள். ஜல்லி தண்ணீரை உடனே இழுத்து வடித்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு.

மணலின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை கிடையாது. ஆகவே மணலின் அடிப்பகுதி கிட்டத்தட்ட முழுவதும் நனையும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. மாடித்தோட்டத் தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு போட்டால் நன்றாக வடியும் என்று நம்புகிறோமே, அங்கும் இதே கதைதான்: ஈரம் சில்லுக்கு மேலேயே தங்கி, வேரை நெருங்கி வருகிறது. க்ரீனில் இதையே சேமிப்பாக்கியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அடி மணலில் ஈரம் இருக்கும். பெருமழையில் நீரின் எடை கூடியதும் மிச்சம் கீழே கொட்டிவிடும்.

ஆனால் கட்டிய நாளில் இருந்த மணல் அப்படியே இருப்பதில்லை. சில வருடங்கள் கழித்து ஒரு க்ரீனில் துளையிட்டு மண்ணை எடுத்துப் பாருங்கள். மேலே செத்த தண்டும் வேரும் சேர்ந்த பழுப்பு அடுக்கு. பிழிந்தால் நீர் சொட்டும். அதன் கீழே மணல் வெளுத்துக் கிடக்கலாம். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால், உள்ளே போகாமல் முத்தாக நிற்கும். மட்கும் பொருள்களிலிருந்தும் பூஞ்சைகளிலிருந்தும் வரும் மெழுகுப் பூச்சு, காய்ந்த மணலைத் தண்ணீர் ஒட்டாததாக்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு பீய்ச்சினாலும் பக்கவாட்டில்தான் வழியும். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் நனைப்பான் மருந்து தெளித்தால்தான் அந்த இடம் மறுபடி ஈரம் ஏற்கும்.

பழுப்பு அடுக்குக்கு மருந்து வேறு. துளைக் கருவியால் மண் குச்சிகளை உருவி எடுத்து, ஓட்டைகளில் மணல் நிரப்புகிறார்கள். புல்மேல் மணல் தூவுவது, 19-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஓல்ட் டாம் மாரிஸ் பரப்பிய பழக்கம். இதில் கவனிக்க வேண்டியது மணலின் பருமன். கீழே இருப்பதைவிட நைசான மணலைத் தூவினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு தேக்கம் உருவாகி மேல்பரப்பு சொதசொதக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு மணல் வாங்குவது பெரிய தவறு என்பேன்.

அடுத்து, வெட்டும் உயரம். க்ரீனில் புல் 3 மி.மீ. அளவுக்குத்தான் நிற்கும். இலை குறைந்தால் வேருக்குப் போகும் உணவும் குறைகிறது. க்ரீன்களில் வளர்க்கும் குளிர்ப்பகுதிப் புல் வகையான பென்ட் புல்லின் வேர் கோடையில் இன்னும் சுருங்கி மேலேயே நின்றுவிடும். அடியில் தண்ணீர் இருந்தும் செடி வாடுவது இதனால்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடுவதும் வேரை மேலேயே பழக்கிவிடும். அதனால் அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் வெட்டும் உயரத்தைச் சற்றுக் கூட்டி, இடைவெளி விட்டு ஆழமாக நனைக்கிறார்கள். ஈரமானியைப் பல இடங்களில் குத்திப் பார்த்து, முதலில் வறளும் மேட்டுப் பகுதிகளுக்கு மட்டும் கையால் குழாய் பிடிக்கிறார்கள்.