தூக்கு மேடையில் கேமரா எங்கே நிற்கிறது?

ஒரு விசாரணை அறை. சந்தேக நபர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். பேச்சு ஒன்றுதான், எடுக்கும் கேமராக்கள் மூன்று. ஒன்றில் அவர் மட்டும் தெரிகிறார், இன்னொன்றில் விசாரிப்பவர் மட்டும், மூன்றாவதில் இருவரும் சரிசமமாக. அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டர் 1986 முதல் இந்த மாதிரிச் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். சந்தேக நபரை மட்டும் பார்த்தவர்கள் ‘யாரும் மிரட்டவில்லை, அவராகத்தான் சொன்னார்’ என்று நினைப்பது அதிகம். விசாரிப்பவரைப் பார்த்தவர்களுக்கோ மிரட்டல் கண்ணில் பட்டது. எது பெரிதாகத் தெரிகிறதோ அதையே காரணம் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

சரி, அப்படியானால் தூக்குக் கைதியின் முகத்தைத் திரை முழுக்கக் காட்டும்போது நமக்குக் கோபம்தானே வரவேண்டும்? ஏன் தொண்டை அடைக்கிறது?

சினிமா முகத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்த முகம் எதைப் பார்க்கிறது என்பதையும் காட்டுகிறது: சுவர்க் கடிகாரம், கம்பிக்கு அப்பால் அம்மா, கதவருகே வந்து நிற்கும் பூட்ஸ் கால்கள். ஒருவரை வெளியிலிருந்து பார்த்தால் அவர் குணத்தை எடைபோடுகிறோம். அவர் கண்வழியே பார்த்தால் அவருடைய நெருக்கடி நம்முடையதாகிவிடுகிறது. ஆனாலும் ஒரு பாத்திரத்தின் கூடவே போவது வேறு, அந்தப் பாத்திரத்தின் பக்கம் நிற்பது வேறு. திரைப்பட ஆய்வாளர் மரே ஸ்மித் 1995இல் பிரித்துக் காட்டிய வேறுபாடு இது. கூடவே போகவைப்பது கேமராவின் வேலை. பக்கம் நிற்கவைக்க, வழக்கமாக, அந்த ஆளிடம் ஏதாவது நல்லதைக் காட்டியாக வேண்டும்.

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1988இல் எடுத்த ‘எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்’ இந்த வழக்கத்தைக் கிட்டத்தட்ட மதிக்கவே இல்லை. வார்சாவில் சுற்றித் திரியும் இளைஞன் யாட்செக், பாலத்தின் மேலிருந்து ஓடும் கார்மீது கல்லைத் தள்ளுகிறான். ஒரு கிழவி தீனி போட்டுக்கொண்டிருக்கும் புறாக்களை விரட்டுகிறான். அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு டாக்ஸி ஓட்டுநரைக் கொல்கிறான். அந்த ஓட்டுநரும் எளிதில் பிடித்துப்போகிற ஆள் இல்லை. ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்ஸியாக் பச்சை ஃபில்டர்களைப் போட்டு, ஊரையே பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆக்கிவிட்டார். யார்மீதும் ஒட்டுதல் வராது.

பிறகு எங்கே பிடிக்கிறார் நம்மை? நேரத்தில். சாதாரணப் படத்தில் ஒரு கொலை இரண்டு விநாடி. மனம் அதை உணர்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். இங்கே கொலை சுமார் ஏழு நிமிடம். கயிறு இறுகுகிறது, ஆள் சாகவில்லை, பொய்ப்பல் கழன்று வருகிறது, மன்றாடுகிறார். ‘இவனைத் தூக்கில் போட்டால்தான் என்ன’ என்று பார்ப்பவர் நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை. நினைக்கட்டும் என்றே விடுகிறார் இயக்குநர். நீதிமன்ற வாதம் எதையும் காட்டாமல், தீர்ப்பு முடிந்த இடத்துக்குத் தாவுகிறார்.

தூக்கு சுமார் ஐந்து நிமிடம். அதற்கு முன்பே தூக்கு போடுபவர் வந்து அறையைத் தயார் செய்கிறார். கயிற்றை இழுக்கும் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறார், பொறிக்கதவு திறக்கிறதா என்று பார்க்கிறார், அதற்குக் கீழே ஒரு தட்டு வைக்கிறார். உயிர் போகும்போது உடலிலிருந்து வெளியேறுவதைப் பிடிக்கத்தான் அந்தத் தட்டு. அதனால் யாட்செக் உள்ளே வரும்போது ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். பயம் அங்கிருந்து வருகிறது. கயிறு கொலையிலும் உண்டு, இங்கேயும் உண்டு. முதல் கயிற்றைப் பார்த்தபோது உடம்பில் ஏறிய பதற்றம் இரண்டாவதிலும் கிளம்புகிறது. யாட்செக்கின் செத்துப்போன தங்கையைப் பற்றிய பேச்சு ஒன்றும் தூக்குக்கு முன் வருகிறது. என்னைக் கேட்டால், அது இல்லாமலும் படம் நின்றிருக்கும்.

டிம் ராபின்ஸின் ‘டெட் மேன் வாக்கிங்’ (1995) வேறு வழியில் போகிறது. விஷ ஊசி ஏறும் நேரத்திலேயே, அந்தக் கைதி பங்கெடுத்த கொலைகளைத் துண்டு துண்டாக இடையில் வெட்டிக் காட்டுகிறார்கள். இரக்கம் மேலே வரும்போதெல்லாம் செத்தவர்களின் நினைப்பு அதைப் பிடித்து இழுக்கிறது. மரண தண்டனையை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒரே படத்தில் தங்களுக்கான சான்றை எடுத்துக்கொள்ளலாம்.

நம்மூர் ‘விருமாண்டி’யில் (2004) ஒரே சம்பவங்களைக் கொத்தாளத் தேவர் முதலில் சொல்கிறார், பிறகு விருமாண்டி. இரண்டாவது கதை முதலாவதைத் திருத்திக்கொண்டே போகிறது. கடைசியாகப் பேசுகிறவரை நம்பவைக்கும் வரிசை அது. செய்யாத கொலைகளும் நாயகன் தலையில் விழுந்திருப்பதால் நாம் எளிதாக அவர் பக்கம் போய்விடுகிறோம். ஆனால் நிரபராதியைத் தூக்கில் போடக்கூடாது என்பதில் யாருக்குத்தான் சண்டை? கொலை செய்தவன் என்று தெரிந்தே ஒருவனைக் காட்டி, அதற்குப் பிறகும் கயிற்றைக் கண்டு நம்மைக் கூசவைப்பதுதான் கஷ்டம்.

கீஸ்லோவ்ஸ்கியின் படம் 1988 மார்ச்சில் போலந்தில் திரைக்கு வந்தது. ஏப்ரலில் க்ராக்கோவ் சிறையில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நாட்டில் அதுவே கடைசித் தூக்கு. சட்டத்திலிருந்து மரண தண்டனையை நீக்கிய புதிய குற்றவியல் சட்டம் 1998இல் நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஆட்சியே மாறிவிட்டதால், அதில் படத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.