உண்டுகொல்லி: ஈப்புழுவை ‘ஒட்டுண்ணி’ என்பது சரியா?

எருக்கஞ்செடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு புழு மேயும். முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரை மணலோரமோ ரயில் பாதையோரமோ எருக்கு நிற்கிற இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். பத்துப் புழுவைக் கொண்டுவந்து வளர்த்தால் பத்தும் பறக்கும் என்று நம்ப வேண்டாம். சில கூட்டுப்புழுக்கள் பச்சை மங்கிப் பழுப்பாகும். அதிலிருந்து கொழகொழப்பான வெள்ளை இழை ஒன்று கீழே இறங்கும். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு கால் இல்லாத வெள்ளைப் புழு ஒன்று தரைக்கு வரும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அது வீட்டு ஈயைவிடச் சற்றே முரடான, உடம்பெல்லாம் முள்மயிர் சிலிர்த்த ஈயாக வெளியே வரும்.

இந்த ஈக்குப் பாடநூலும் வேளாண் கையேடும் தரும் பெயர் ‘ஒட்டுண்ணி’. சொல் நல்ல சொல்தான். ஆனால் இந்த வேலைக்கு அது பொருந்தவில்லை.

ஒட்டு + உண்ணி. ஊனுண்ணி, தாவரவுண்ணி என்பதில் வரும் அதே உண்ணி. தனியாக நின்றால் மாட்டின் காதுமடலில் கடித்துத் தொங்குகிற அந்தப் பூச்சியையே குறிக்கும். ஒட்டிக்கொண்டு உண்பது ஒட்டுண்ணி. பேன், அட்டை, உண்ணி, மாமரத்தில் ஏறும் புல்லுருவி (மாவட்டத்தின் மேற்கே மலையாளம் பேசுவோர் இத்திக்கண்ணி என்பார்கள்) எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் கச்சிதம். இவை எதுவும் தனக்குச் சோறு போடும் உயிரைக் கொன்றுவிட்டுப் போவதில்லை. மாடு செத்தால் உண்ணிக்கும் பட்டினி.

ஒட்டுண்ணிக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘பாரசைட்’ என்ற சொல்லின் வரலாறும் இப்படிச் சாப்பாட்டைச் சுற்றியே வருகிறது. கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் அருகில், ‘சீட்டோஸ்’ என்றால் தானியம், உணவு. பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவன் பாரசீட்டோஸ். முதலில் அது கோயில் விருந்தில் உட்காரும் மதிப்பான பதவி. பிறகு பணக்காரர் பந்தியில் முகத்துதி பாடி வயிறு வளர்ப்பவனுக்கு நாடகக்காரர்கள் சூட்டிய கேலிப்பெயர். உயிரியலுக்கு வந்தது அதற்கும் பின்னால். நம் பாடநூல்கள் ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிருக்கு ‘விருந்தோம்பி’ என்று பெயர் வைத்திருப்பது, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கிரேக்கப் பந்தியை அப்படியே தமிழில் விரித்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் தின்னப்பட்டுக்கொண்டிருக்கும் எருக்கம்புழுவை விருந்தோம்பி என்பது கொஞ்சம் குரூரம். ‘ஓம்புயிர்’ என்பது தேவலை.

எருக்கம்புழுவுக்கு நடப்பது பந்தியில் இடம் பிடிப்பது அல்ல. டாகினிட் என்ற இந்த ஈக்குடும்பத்தில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. முட்டையைச் சேர்ப்பிக்கும் வழியும் ஒன்றல்ல. சில ஈக்கள் புழுவின் முதுகிலேயே ரவை மணி போன்ற வெள்ளை முட்டையை ஒட்டிவிடும். தலைக்குப் பின்னால் ஒட்டினால் புழுவால் திரும்பிக் கடித்து எடுக்க முடியாது. வேறு சில புழுவைத் தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்முட்டைகளை இலையில் வைத்துவிட்டுப் போய்விடும். புழு இலையோடு சேர்த்து விழுங்கும். முட்டை குடலில் பொரியும். பொரிந்த ஈப்புழு முதலில் இரத்தத்தையும் கொழுப்பையும் தின்னும். உயிர்நாடியான உறுப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். முதலிலேயே ஓம்புயிர் செத்தால் இறைச்சி அழுகிவிடும் அல்லவா? முழு வளர்ச்சி பெற்று வெளியேறும்போது எருக்கம்புழுவின் கதை முடிந்திருக்கும். எப்போதாவது தப்பிப் பிழைத்தால் அது விதிவிலக்கு.

‘ஒட்டு’ என்பதற்கு இங்கே வேலையே இல்லையா என்றால், வேடிக்கையாக ஓரிடத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈப்புழுவுக்கும் காற்று வேண்டும். பல இனங்கள் தம் பின்பக்கத்தை ஓம்புயிரின் தோலிலோ மூச்சுக்குழலிலோ பொருத்திக்கொண்டு, ஒரு புனல் வழியாக மூச்சு விடும். அந்தப் புனலுக்கான பொருளைத் தருவது ஓம்புயிரின் எதிர்ப்புச் செல்கள்தான். ஆக, அது ஒட்டுவது வாயால் உண்பதற்கு அல்ல, வாலால் மூச்சு விட.

உண்பது, வளர்வது, கடைசியில் கொன்றுவிட்டு வெளியேறுவது. இதற்கு ஒட்டுண்ணியிலிருந்து வேறுபட்ட சொல் தேவை என்று 1913-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் சொன்னவர் பின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர். ‘பாரசிட்டாய்டு’ என்றார். ‘ஆய்டு’ என்ற பின்னொட்டுக்கு ‘அதைப் போன்றது’ என்று பொருள். தமிழில் இதை ‘ஒட்டுண்ணி போன்றது’ என்று மாற்றினால் ஒன்றும் விளங்காது. எதைப் போன்றது, எதில் வேறுபட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நம்மிடம் பக்கத்திலேயே ஒரு நல்ல சொல் கிடக்கிறது: கொன்றுண்ணி. கொன்று, பிறகு உண்பது. புலி, சிலந்தி, தும்பி எல்லாம் கொன்றுண்ணி. வேளாண் துறையினர் இதையே ‘இரை விழுங்கி’ என்பார்கள். வினையின் வரிசையைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய சொல் வந்துவிடுகிறது: உண்டுகொல்லி. உண்டு, பிறகு கொல்வது. ஒன்று முதலில் கொல்கிறது, மற்றது முதலில் உண்கிறது. உயிரியலில் இருக்கும் வேறுபாடு முழுவதும் அந்த வினையெச்சத்தில் அடங்கிவிடுகிறது. ‘கொல்லி’ என்றால் பூச்சிக்கொல்லி மருந்து நினைவுக்கு வருமே என்று ஒரு மறுப்பு வரும். ஆட்கொல்லிப் புலி என்று நாம் சொல்லவில்லையா? இன்னொரு மறுப்பு, ‘ஒட்டுண்ணி’ ஏற்கெனவே பழகிவிட்டது என்பது. அதனால் விளையும் குழப்பத்தை வயலில் பாருங்கள். நெல் தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவியை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். ‘முட்டை ஒட்டுண்ணி’ என்றே பெயர். மாட்டின் ஒட்டுண்ணியை ஒழிக்க மருந்து வாங்கும் அதே விவசாயி, வயலில் ஒட்டுண்ணியை ஏன் காசு கொடுத்து வாங்கி விடவேண்டும் என்று கேட்டால் அவர் மேல் தப்பில்லை.

இங்கே கொஞ்சம் நின்று ‘புழு’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். மண்புழு, கம்பளிப்புழு, குடற்புழு, ஈப்புழு என்று நான்கு வேறு உயிர்களை நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்குத் தலை தனியாகத் தெரியும். முன்னால் மூன்று ஜோடி உண்மைக் கால், பின்னால் சதைக்கால்கள். ஈப்புழுவுக்குக் காலும் இல்லை, தெரியும்படியான தலையும் இல்லை. கூரான முனைதான் வாய், அதில் இரண்டு கறுப்புக் கொக்கிகள். மொட்டையான மறுமுனையில் தெரியும் இரண்டு கரும்புள்ளிகளைக் கண் என்று எண்ணி, அந்தப் பக்கத்தைத் தலையென்று நினைப்பவர்கள் நிறைய. அவை மூச்சுத்துளைகள்.

இந்த ஒரு விவரம் தெரிந்தால் மாட்டுப் புண்ணில் நடப்பது புரிந்துவிடும். புழு வைத்த புண்ணில் புழுக்கள் தலைகுப்புறச் சதைக்குள் இறங்கி, மூச்சுத்துளையுள்ள முனையை மட்டும் மேலே காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் எண்ணெய் ஊற்றினால் மூச்சு முட்டி வெளியே நெளிகின்றன. இந்த நோய்க்கு ‘மயாசிஸ்’ என்று 1840-இல் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘மியா’ என்றால் ஈ. தமிழில் ஈப்புழு நோய் என்பது போதும். ஊர்ப்பேச்சில் ‘புழு வச்சிருக்கு’, ‘புழு விழுந்திருக்கு’ என்று இரண்டு விதமாகவும் சொல்வோம். இரண்டுமே சரி, வெவ்வேறு ஈக்களுக்கு. இறைச்சி ஈ முட்டையிடாமல் உயிருள்ள சின்னப் புழுக்களையே போடும். அது புழு விழுவது. கிரைசோமியா பெசியானா என்ற நீலப்பச்சை ஈ புண்ணின் ஓரத்தில் நூறு, இருநூறு முட்டைகளைக் கொத்தாக ஒட்டி வைக்கும். ஒரு நாளுக்குள் பொரியும். ஐந்து முதல் ஏழு நாள் உயிருள்ள சதையைத் தின்று, மண்ணில் விழுந்து கூடாகும். இது உண்டுகொல்லி அல்ல. மாடு சாகவேண்டும் என்பது அதன் வாழ்க்கைத் திட்டத்தில் இல்லை. கவனிக்காமல் விட்டால் சாகும் என்பது வேறு விஷயம். இதற்கு ஒட்டுண்ணி என்ற பெயரே இருக்கட்டும்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் தொழுவத்தில் இந்த ஈப்புழு நோய் கூடும். பிறந்த கன்றின் தொப்புள், கொம்பு முறிந்த இடம், உண்ணிக் கடிப் புண், நாயின் காதுமடல் ஆகியவை முதல் குறி. கன்று பிறந்ததும் தொப்புள்கொடிக்கு டிங்சர் அயோடின் வைத்து, காயும்வரை தினமும் பார்க்கவேண்டும். புழு கண்டுவிட்டால் கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயையோ சீத்தா இலை விழுதையோ முதல் நாள் புண்ணில் வைப்பது கால்நடை மூலிகை மருத்துவத்தில் பழக்கம். டர்பன்டைன் எண்ணெய் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைப்பதும் உண்டு. புழுக்கள் மேலே வரும்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், நசுக்கக்கூடாது. எடுத்ததைத் தொழுவத் தரையில் எறிவதுதான் பெரிய தவறு. வளர்ந்த புழு போக விரும்பும் இடமே மண்தான்; ஒரு வாரத்தில் அங்கேயே ஈயாகி மறுபடி வரும். கொதிநீரில் போடுங்கள். பெட்ரோல், பினாயில், பயிருக்கு அடிக்கும் மருந்து இவற்றைப் புண்ணில் ஊற்றுவது சதையையும் சேர்த்துப் பொசுக்கும், நக்கினால் விஷம். புண் ஆழமாகப் பை போல் உள்ளே போயிருந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுக் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். மேலே தெரிகிற புழுவின் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கும்.

உண்டுகொல்லியைக் கண்ணால் பார்க்க விரும்புபவருக்கு எருக்கம்புழுவே வசதி. வாயகன்ற ஒரு லிட்டர் ஜாடி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல், மேலே மூடியாக மல்துணியும் ரப்பர் பேண்டும். பிளாஸ்டிக் மூடியை இறுக மூடினால் உள்ளே நீர் கோத்து, புழு கறுத்துக் கூழாகிவிடும். அதை ஈயின் வேலை என்று எண்ணி ஏமாறவேண்டாம். கிருமித் தொற்றில் செத்த புழு தளர்ந்து தொங்கும், நாற்றம் வரும், உள்ளிருந்து ஒன்றும் இறங்காது. தினமும் புது இலை போட்டு எச்சத்தை அகற்றவேண்டும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. புழு நன்றாக வளர்ந்ததாகப் பிடிப்பது நல்லது. பொரித்த உடனே பிடித்து வீட்டில் வளர்த்தால் ஈக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

இறங்கிய ஈப்புழு மணலுக்குள் போய்ச் சில மணி நேரத்தில் செம்பழுப்பு மாத்திரை போல் ஆகும். அது பட்டு நூற்றுக் கூடு கட்டுவதில்லை. தன் கடைசித் தோலையே இறுகவைத்துக் கூடாக்குகிறது. இதை வைத்து ஈயையும் குளவியையும் பிரித்துவிடலாம். புழுவின் மேல் பஞ்சு உருண்டை போல வெள்ளைக் கூடுகள் தெரிந்தால் அவை உண்டுகொல்லிக் குளவியின் கூடுகள், புழுவின் முட்டைகள் அல்ல. காய்கறித் தோட்டத்தில் ‘முட்டை வச்சிருக்கு’ என்று அப்படிப்பட்ட புழுக்களை நசுக்குகிறோம். நம் பக்கம் நின்ற படையைத்தான் நசுக்குகிறோம்.

மூன்று வாரம்வரை மணலைக் கொட்டிவிடக்கூடாது. ஈ வெளிவரும்போது நெற்றியில் ஒரு பையை ஊதிப் பெருக்கி, கூட்டின் முனையைத் தொப்பி போல வட்டமாகக் கழற்றும். தொப்பி கழலாமல், பக்கவாட்டில் பல்லால் கறண்டியது போல் ஓர் ஓட்டை மட்டும் இருந்தால், ஈ வரவில்லை என்று பொருள். அந்த ஈயையே உள்ளிருந்து தின்று முடித்த சின்னக் குளவி வெளியேறிய வழி அது. உண்டுகொல்லிக்கும் உண்டுகொல்லி உண்டு.

பெயரிடலில் நடந்த இன்னொரு சறுக்கலையும் சொல்லிவிடலாம். பட்டுப்புழுவைத் தாக்கும் டாகினிட் ஈயைப் பட்டு வளர்ப்போர் ‘ஊசி ஈ’ என்கிறார்கள். அந்த ஈயிடம் ஊசியும் இல்லை, கொடுக்கும் இல்லை. முட்டையைத் தோலின் மேல் ஒட்டுவதோடு சரி, துளைத்து உள்ளே போவது பொரிந்த புழுதான். போன இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு விழும். பெயர் வந்தது ஜப்பானிய ‘உஜி’யிலிருந்து, அதற்குப் பொருளே ஈப்புழு. ‘ஊஜி’ என்று எழுதியதைத் தமிழ் நாக்கு ‘ஊசி’ என்று இழுத்துக்கொண்டது. கறுப்புத் தழும்பும் ஊசி குத்தின இடம் மாதிரியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசியாக, ஒட்டவும் செய்யாத, கொல்லவும் செய்யாத ஒன்று. கடற்கரை மணலில் பிடித்த இரையை வளைக்கு இழுத்துக்கொண்டு போகும் குளவிக்குப் பின்னால், சாம்பல் நிறச் சின்ன ஈ ஒன்று ஒட்டி ஒட்டிப் பறக்கும். குளவி திரும்பினால் இதுவும் திரும்பும், குளவி நின்றால் பக்கத்து மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். வளை வாசலில் இரை நுழையும் நேரம் பார்த்துத் தன் புழுவை அதன் மேல் போட்டுவிடும். குளவிக்குஞ்சுக்கு என்று வைத்த சோற்றை ஈப்புழு தின்றுவிடும். உண்டுகொல்லி என்ற பெயர் இதற்குச் சேராது. களவுண்ணி என்றால் சேரும்.